மருந்துக்கும் கவ்வாத்து வேண்டும்

(சங்கத்தின் ஆண்டு விழாவின்போது பலாங்கொடையில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



ஆண்டு விழா மேடையிலே ஓர் இளைஞர் பேச எழுந்தால், சமயத்தைப் பற்றியோ, செந்தமிழைப் பற்றியோ, சமுதாயத்தின் வருங்காலத்தைப் பற்றியோ பேசுவார் என்று சபையோர் எதிர்பார்ப்பது இயல்பு. நாமோ இன்று ஒரு துணிப்பையைப் பற்றிப் பேச வந்திருக்கின்றோம். அது எங்கள் அப்பாயியின் மருந்துப் பை. மிஷன் பாடசாலையில் படித்து, இன்று பல்கலைக்கழகத்தில் பயிலும் பிள்ளை, இந்து வாலிபர் சங்கத்து மேடையிலே குளிசைகளைப் பற்றிப் பேசுகிறதே என்று முறுவல் செய்ய வேண்டாம். நோயுற்றவரைச் சென்று காண்பது பெருந்தருமம் என்று பாடசாலையிலே போதித்தார்கள். முதியோரைப் பேணுவது தெய்வப் பணி என்று வீட்டிலே போதித்தார்கள். இரண்டும் ஒரே பாடந்தான். அந்தப் பாடத்தை ஏட்டிலே படித்துவிட்டு வாழ்விலே படிக்கத் தவறிய கதையைத்தான் முதலிலே சொல்லப் போகின்றோம்.

எங்கள் அப்பாயி எழுபத்தைந்து வயதைத் தாண்டியவர். பலாங்கொடைக்கு மேலே உள்ள மலைச் சரிவுகளிலே முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கூடை சுமந்து கொழுந்தெடுத்தவர். அந்தச் சரிவுகள் அவருடைய முழங்கால்களைத் தின்றுவிட்டன. கால்வலி பொறுக்க முடியாமல் நகரத்துப் பார்மசியிலே பழைய துண்டைக் காட்டி டைக்குளோபினாக் குளிசையை மாதந்தோறும் வாங்கி விழுங்கி வந்தார். வலி தணிந்தது. ஆனால் அந்த இன மருந்துகள் இரத்த அழுத்தத்தை ஏற்றக் கூடியவை. கிளினிக்கிலே அழுத்தத்தை அளந்தார்கள், கூடியிருந்தது. ஏற்கனவே கொடுத்துவந்த லொசாட்டானோடு அம்லோடிப்பின் என்னும் குளிசையையும் சேர்த்தார்கள். அம்லோடிப்பின் சிலருக்குக் கணுக்காலை வீங்கச் செய்யும். அப்பாயிக்குக் கால் வீங்கிற்று. வேறோர் இடத்திலே காட்டியபோது, வீக்கம் வடிய நீர் பிரியும் குளிசை கொடுத்தார்கள். நீர் பிரிந்தது, இரவிலும் பிரிந்தது. எங்கள் லயத்திலே மலசலகூடம் காம்பிராவுக்கு வெளியே, இஸ்தோப்பைத் தாண்டிப் பத்துப் படி கீழே இருக்கிறது. மழை இரவொன்றிலே மூன்றாவது முறையாக எழுந்து போனவர், கானிலே விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார்.

அன்பர்களே! இந்தக் கதையிலே கெட்டவர் யார்? ஒருவருமில்லை. வலிக்கு மருந்து கொடுத்தவர் வலியைப் பார்த்தார். அழுத்தத்துக்குக் கொடுத்தவர் அழுத்தத்தைப் பார்த்தார். வீக்கத்துக்குக் கொடுத்தவர் வீக்கத்தைப் பார்த்தார். ஒவ்வொருவரும் நல்லெண்ணத்தோடு நல்ல மருந்தையே கொடுத்தார்கள். ஆனால் அப்பாயியை முழுமையாகப் பார்த்தவர் எவருமில்லை. ஒரு மருந்தின் விளைவைப் புதிய நோயென்று எண்ணி அதற்கு இன்னொரு மருந்து, அதன் விளைவுக்கு மற்றுமொரு மருந்து என்று படிப்படியாக இறங்கும் இந்த நிலையை, மருத்துவ நூலோர் அருவி விழுவதற்கு ஒப்பிடுவர். அருவிகள் நிறைந்த நம்முடைய நாட்டிலே அவ்வுவமையை விளக்க வேண்டியதில்லை. மேலே துளியாகத் தொடங்கியது கீழே பாறையையும் உருட்டும்.

இதைவிட வேதனையான செய்தி ஒன்று உண்டு. அந்தப் பையிலிருந்த உறைகளையும் அட்டைகளையும் வாசிக்கக் கூடியவர்கள் நாம் ஒருவரே. விடுமுறைக்கு வந்த போதெல்லாம் அந்தப் பை அடுப்படிச் சுவரிலே ஆணியில் தொங்குவதைக் கண்டோம். ஒருமுறையேனும் இறக்கிப் பார்க்கவில்லை. உலக விஷயங்களெல்லாம் படித்த கண்ணுக்கு அந்தத் துணிப்பை தெரியவில்லை.

விழுந்த பின் இன்னொரு பிழையும் நேர்ந்தது. "இந்த மருந்தெல்லாந்தான் அம்மாவைத் தள்ளிவிட்டது" என்று எமது தந்தையார் சினந்து, பையைத் தூக்கிப் பரண்மேல் எறிந்துவிட்டார். நான்கு நாட்கள் ஒரு குளிசையும் இல்லை. ஐந்தாம் நாள் இரவு தலையிடியும் மயக்கமும் வந்து, ஓட்டோவிலே தூக்கிக்கொண்டு ஓடினோம். அழுத்தம் மிக உயர்ந்திருந்தது. மிகுதியான மருந்து எவ்வளவு தீதோ, கேளாமல் நிறுத்துவதும் அவ்வளவு தீது என்பதை அன்று கற்றோம்.

அங்கே ஒரு மருத்துவர், "வீட்டிலே இருக்கிற எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள்; தைலம், கஷாயம் கூட விடாமல்" என்றார். மறுநாள் பையைக் கொண்டுபோய் மேசைமேல் கொட்டினோம். பதினொரு மருந்துகள் இருந்தன. அவற்றுள் ஒன்று இரட்டைப் பிள்ளை. 2022 ஆம் ஆண்டிலே நாட்டிலே மருந்துத் தட்டுப்பாடு ஏற்பட்ட காலத்தில், கிளினிக்கிலே லொசாட்டான் இல்லை, வெளியே வாங்குங்கள் என்றார்கள். கம்பனிப் பெயரோடு கூடிய அட்டையை வாங்கினோம். பின்பு கிளினிக்கிலே வெள்ளைக் குளிசை மீண்டும் கிடைத்தது. அப்பாயியோ அட்டையையும் விடவில்லை, வெள்ளைக் குளிசையையும் விடவில்லை. பெயர் வேறு, நிறம் வேறு. ஆகையால் மருந்தும் வேறு என்று எண்ணினார். ஒரே மருந்தை இரு மடங்காக விழுங்கி வந்தார். எழுத்தறியாத ஒருவர் அப்படி எண்ணியதிலே குற்றமென்ன?

அந்த மருத்துவர் இரத்தத்தைச் சோதித்துச் சிறுநீரகத்தின் நிலையை அறிந்தார். ஒவ்வொரு குளிசையையும் கையிலெடுத்து, இது எதற்கு, எப்போது தொடங்கியது, யார் கொடுத்தது என்று கேட்டார். இரட்டையில் ஒன்றை அன்றே எடுத்தார். டைக்குளோபினாக்கை நிறுத்தி, வலி வரும்போது மட்டும் பரசிற்றமோலும் சுடுநீர் ஒத்தடமும் என்றார். அரிப்புக்கென்று எப்போதோ தொடங்கிய குளோர்பெனிரமின், முதியோருக்குத் தூக்கத்தையும் தடுமாற்றத்தையும் தருவது என்று சொல்லி அதையும் எடுத்தார். மாரடைப்போ பாரிசவாதமோ ஒருபோதும் வராத அப்பாயிக்கு ஆஸ்பிரின் எதற்கென்று கேட்டார். எழுபது வயதைக் கடந்த, இருதய நோயற்ற முதியோருக்கு நாளாந்த ஆஸ்பிரின் நன்மை தரவில்லை, இரத்தக் கசிவையே கூட்டிற்று என்று, அவுஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் 19,000 பேருக்கு மேற்பட்டோரிடம் செய்த ஆஸ்பிரீ ஆய்வு 2018 இல் காட்டியிருக்கிறது. அந்த ஆஸ்பிரினும் டைக்குளோபினாக்கும் வயிற்றைப் புண்ணாக்காமலிருக்கக் கொடுத்த ஒமிப்பிரசோலும், அவை போனபின் வேலையற்றுப் போயிற்று. சில வாரங்களிலே அழுத்தம் இறங்கவே அம்லோடிப்பினைப் பாதியாக்கினார். கால் வீக்கம் வடிந்தது. நீர்க் குளிசையும் நின்றது. பதினொன்று ஐந்தாயிற்று. இவையெல்லாம் ஒரே நாளில் நடந்தவையல்ல. மூன்று மாதங்கள் எடுத்தன. ஒவ்வொரு படியிலும் அளந்து பார்த்து, பொறுத்துப் பார்த்து, பின்னரே அடுத்த படிக்குப் போனார். இன்று அப்பாயி கோயிலுக்குத் தாமே நடந்து வருகிறார். இச்சபையிலும் பின்வரிசையிலே அமர்ந்திருக்கிறார்.

இனி, இஃது எங்கள் வீட்டுக் கதை மட்டுமன்று என்பதை எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

நம் முன்னோர் மருந்தின்றி மாண்டவர்கள். 1934, 1935 ஆம் ஆண்டுகளிலே இலங்கையை வாட்டிய மலேரியாக் கொள்ளைநோய் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டு போயிற்று. நமது சப்பிரகமுவையைச் சேர்ந்த கேகாலை மாவட்டம் மிகக் கடுமையாகத் தாக்கப்பட்ட இடங்களுள் ஒன்று. அக்காலத்து மக்களுக்கு ஒரு குளிசை கிடைப்பதே பாக்கியம். ஆகவே, மருந்து என்றால் நன்மை, அதிக மருந்து என்றால் அதிக நன்மை என்ற எண்ணம் நம் பெரியோர் மனத்திலே ஊன்றியது வியப்பன்று. ஆனால் காலம் மாறிவிட்டது. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, இந்நாட்டிலே நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் அறுபது வயதைக் கடந்தவர்கள். அதன் பின் அத்தொகை மேலும் வளர்ந்தே வந்திருக்கிறது. நீண்ட ஆயுளோடு நீரிழிவு, இரத்த அழுத்தம், மூட்டு வாதம், இருதய நோய் ஆகியனவும் வருகின்றன. நோய்க்கொரு மருந்தென்று வைத்தாலும் ஒருவருடைய பையிலே ஐந்து, ஆறு சேர்ந்துவிடுகின்றன.

ஐந்து மருந்துகள் என்றால் அவை ஒன்றோடொன்று சந்திக்கும் இணைகள் பத்து. பதினொரு மருந்துகள் என்றால் ஐம்பத்தைந்து இணைகள். கணக்குப் படித்த சிறுவரும் இதைக் கூட்டிப் பார்க்கலாம். எந்த இணை நட்பு, எந்த இணை பகை என்று எவராவது பார்க்க வேண்டாமா?

அன்றியும், முதியவரின் உடல் இளைஞரின் உடலன்று. மருந்தை வடித்து வெளியேற்றுவது பெரும்பாலும் சிறுநீரகம். அதை மாற்றிச் சிதைப்பது ஈரல். நடுவயதுக்குப் பின் இவற்றின் ஆற்றல் மெல்ல மெல்லக் குறைகின்றது. உடலிலே நீர் குறைந்து கொழுப்பின் பங்கு கூடுகின்றது. ஆதலால் சில மருந்துகள் நெடுநேரம் உள்ளே தங்கிவிடுகின்றன. மூளையும் தூக்க மருந்துகளுக்கு எளிதிலே வசப்படுகிறது. ஐம்பது வயதிலே பொருத்தமாயிருந்த அளவு, எழுபத்தைந்து வயதிலே மிகையாகலாம். கிளிபென்கிளமைட் என்னும் நீரிழிவுக் குளிசை முதியோரிடத்தே சீனியை மிகவும் இறக்கி, நெடுநேரம் இறக்கியே வைத்திருக்கக் கூடியது. "வயதாகிவிட்டது, மறதி, மயக்கம், தள்ளாட்டம்" என்று நாம் தள்ளிவிடும் குறிகளிலே பல, முதுமையின் குறிகளல்ல, குளிசையின் குறிகள்.

இதனை உலகம் உணர்ந்திருக்கிறது. அமெரிக்காவிலே மார்க் பியர்ஸ் என்னும் மருத்துவர் தம் குழுவினரோடு, முதியோருக்குத் தவிர்க்கத்தக்க மருந்துகளின் பட்டியலை 1991 இல் வெளியிட்டார். அது இன்றும் அவர் பெயராலேயே திருத்தப்பட்டு வருகின்றது. அயர்லாந்து மருத்துவர்கள் 2008 இல் இரு பட்டியல்களைத் தந்தார்கள்: ஒன்று நிறுத்தத்தக்கவை, மற்றது விடுபட்டுப்போனதால் தொடங்கத்தக்கவை. இந்த இரண்டாவதைக் கவனியுங்கள். பரிசீலனை என்பது குறைப்பது மட்டுமன்று; தேவையானது இல்லாவிடில் சேர்ப்பதுமாகும். அவுஸ்திரேலியாவிலே, குடும்ப மருத்துவரின் வேண்டுகோளின்பேரில் மருந்தாளர் வீட்டுக்கே வந்து மருந்துகளைப் பார்வையிடும் திட்டம் 2001 முதல் உண்டு. இங்கிலாந்திலே 2021 இல் அரசாங்கத்துக்காகச் செய்யப்பட்ட ஆய்வு, ஆரம்ப மருத்துவத்தில் வழங்கும் மருந்துகளில் நூற்றுக்குப் பத்தேனும் தேவையற்றது அல்லது பொருந்தாதது என்று கண்டது. உலக சுகாதார நிறுவனம் 2017 இல் 'தீங்கில்லா மருந்து' என்னும் கருத்தை முன்வைத்து உலகளாவிய இயக்கமொன்றைத் தொடங்கிற்று. அதன் மூன்று முக்கிய கவலைகளுள் ஒன்று, ஒருவரிடம் பல மருந்துகள் சேர்வது. மற்றொன்று, நோயாளர் ஓரிடத்திலிருந்து வேறிடத்துக்கு மாறும்போது நேரும் பிழை.

இதைக் கேட்டு, 'எல்லாம் வெள்ளைக்காரர் கண்டுபிடிப்பு' என்று எண்ணி விடாதீர்கள். மருந்தைச் சல்லடையில் இட்டுச் சலிக்கும் கலையிலே உலகத்துக்கு வழிகாட்டிய நாடுகளுள் நமது நாடும் ஒன்று. பேராசிரியர் சேனக பிபிலே அவர்களை நமது வாலிபர் அறிந்திருக்க வேண்டும். கண்டித் திரித்துவக் கல்லூரி என்னும் மிஷன் பாடசாலையிலே படித்து, இந்நாட்டின் முதலாவது மருந்தியற் பேராசிரியரானவர். அவருடைய முயற்சியிலே 1959 இல் இலங்கை வைத்தியசாலைகளுக்கான மருந்துக் கையேடு வெளிவந்தது. 1971 இல் மருத்துவர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் அவரும் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து அரச மருந்துக் கூட்டுத்தாபனம் தோன்றிற்று. அதன் முதல் தலைவரும் அவரே. ஈராயிரத்துக்கு மேற்பட்ட மருந்துகள் இறக்குமதியான நாட்டிலே, உண்மையிலே வேண்டியவை எவை என்று சலித்துப் பார்த்து ஏறத்தாழ அறுநூறாகக் குறைத்தார்கள். கம்பனிப் பெயரை விடுத்து மருந்தின் சொந்தப் பெயரால் வழங்க வேண்டும் என்றார்கள். 1977 இல் தென்னமெரிக்காவின் கயானாவிலே, ஐக்கிய நாடுகள் பணியிலிருந்தபோது அவர் காலமானார். மருந்துச் சீட்டிலே மருந்தின் சொந்தப் பெயரை எழுதவேண்டும் என்ற அவர் கொள்கை 2015 ஆம் ஆண்டு 5 ஆம் இலக்கச் சட்டத்திலே இடம்பெற்றது.

ஒரு நாட்டின் மருந்துப் பட்டியலையே சலித்துப் பார்த்தவர்கள் வாழ்ந்த நாட்டிலே, ஒரு பாட்டியின் பையைச் சலித்துப் பார்க்க ஆளில்லை என்றால், அது நமக்கு அழகா?

நிற்க. நமது தோட்டப்புறத்திலே இக்குறை ஏன் மிகுகின்றது என்பதையும் நோக்குவோம். முதலாவது, மருந்து வரும் வழிகள் பல. தோட்டத்து டிஸ்பென்சரி ஒன்று, அரசாங்க ஆஸ்பத்திரியின் மாதக் கிளினிக் ஒன்று, நகரத்திலே தனியார் மருத்துவர் ஒருவர், பார்மசி ஒன்று, நாட்டு வைத்தியரின் கஷாயம் ஒன்று. ஒருவர் கொடுத்தது மற்றவருக்குத் தெரியாது. கிளினிக் கொப்பி கிளினிக்குக்கு மட்டும் போகிறது. மற்ற இடங்களிலே வாய்ச்சொல்தான். இரண்டாவது, மொழி. தமிழும் 1987 முதல் இந்நாட்டின் அரசகரும மொழி. ஆயினும் உறையிலே தமிழ் எழுதியிருப்பது அரிது. நம் முதியோருக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. சிலருக்குத் தமிழும் வாசிக்க வராது. "வெள்ளைக் குளிசை காலையிலே, மஞ்சட் குளிசை இரவிலே" என்று நிறத்தால் அடையாளம் கொள்கிறார்கள். கம்பனி மாறினால் நிறம் மாறும். நிறம் மாறினால் கணக்குத் தவறும். மூன்றாவது, வேளை. கிளினிக் நாளிலே நூற்றுக்கணக்கானோர் காத்து நிற்க, மருத்துவர் ஒருவருக்குச் சில நிமிடமே கொடுக்க இயலும். அந்தச் சில நிமிடத்திலே பழைய மருந்தையே திரும்ப எழுதுவது எளிது. ஏன் என்று கேட்பது கடினம். நான்காவது, துணை. மகனோ மருமகளோ கூடப் போனால் அன்றைய பேர் போய்விடும். படித்த பிள்ளைகள் கொழும்பிலே. கிழவர் தனியே பஸ் ஏறி, தனியே வரிசையில் நின்று, கொடுத்ததை வாங்கிக்கொண்டு வருகிறார்.

இந்த நான்கிலே மூன்றை மாற்ற மருத்துவர்களும் அரசாங்கமும் வேண்டும். நான்காவதை மாற்ற நாமே போதும்.

பெரியோர்களே! உங்களுக்குத் தெரிந்த தொழிலிலிருந்தே ஓர் உவமை சொல்ல அனுமதியுங்கள். தேயிலைச் செடியை மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டுகிறோம். ஏன்? வெட்டாமல் விட்டால் செடி உயர்ந்து, கிளை பின்னி, பழங்கட்டை பெருகிக் கொழுந்து குறையும். கவ்வாத்து என்பது செடியைப் பிடுங்குவதன்று. தெரியாதவன் கையிலே கத்தியைக் கொடுத்தால் செடி பட்டுப் போகும். பருவம் பார்க்க வேண்டும். செடியின் பலம் பார்க்க வேண்டும். எந்த உயரத்திலே வெட்டுவது என்று அறிய வேண்டும். மூச்சு விடுவதற்கென்று ஒன்றிரண்டு கிளைகளை விட்டு வைப்பதும் உண்டு. வெட்டிய பின்பும் துளிர் வருகிறதா என்று போய்ப் பார்க்க வேண்டும். மருந்துக்கும் இதுவே முறை. ஆண்டுக்கு ஒருமுறையேனும், புதிய நோயோ விழுகையோ மயக்கமோ நேர்ந்தால் உடனேயும், மருந்துகளுக்குக் கவ்வாத்து வேண்டும். ஆனால் கத்தி மருத்துவர் கையிலே இருக்க வேண்டும். எமது தந்தையார் சினத்திலே செய்தது கவ்வாத்து அன்று. செடியைப் பிடுங்கியதே ஆகும்.

மருத்துவர் முன்னே கேட்கத்தக்க கேள்விகள் ஆறு. இந்த மருந்து எந்த நோய்க்கு? அந்த நோய் இன்னும் இருக்கிறதா? இதனாலே பலன் தெரிகிறதா? இதனாலே வேறு துன்பம் வருகிறதா? வயதுக்கும் சிறுநீரகத்துக்கும் அளவு பொருத்தமா? இரண்டு பெயரிலே ஒரே மருந்து இருக்கிறதா? இவ்வாறு பணிவோடு கேட்டால் எந்த மருத்துவரும் கோபிக்க மாட்டார். எங்கள் அப்பாயியின் பையைக் கொட்டிய மருத்துவர் சிங்களவர்; அவருக்குத் தெரிந்த தமிழ் பத்துச் சொற்கள். எமக்குத் தெரிந்த சிங்களமும் அவருக்குத் தெரிந்த தமிழுமாகச் சேர்ந்து பதினொரு மருந்துகளையும் சலித்து முடித்தோம். கேட்பதற்கு ஆள் இருந்தால், விடை சொல்வதற்கும் ஆள் உண்டு.

வாலிப அன்பர்களே! இனி உங்களுக்கு ஒரு விண்ணப்பம். நமது சங்கம் சிரமதானம் செய்கிறது. திருவிழாவுக்குத் தொண்டு செய்கிறது. பாலர்க்குப் பாடம் சொல்கிறது. இவற்றோடு இன்னுமொரு தொண்டை ஏற்போம். ஒரு வாலிபருக்கு ஒரு முதியவர் என்று வகுத்துக்கொள்வோம். வீட்டிலுள்ள பாட்டன் பாட்டியிடமிருந்தே தொடங்குவோம். பிள்ளைகள் தூரத்திலே இருக்கும் அயல் லயத்து முதியவரை அடுத்துச் சேர்ப்போம். அவருடைய பையை அவருடைய சம்மதத்தோடு இறக்கி, ஒரு தாளிலே ஐந்து நிரல் கீறுவோம். மருந்தின் சொந்தப் பெயர், எதற்காக, எவ்வளவு எந்த வேளை, யார் கொடுத்தது, எப்போது முதல். கஷாயம், அரிஷ்டம், தைலம், பார்மசியிலே கேட்டு வாங்கியது ஒன்றும் விடாமல் எழுதுவோம். ஒத்துவராத மருந்து ஏதும் இருந்தால் தாளின் தலையிலே எழுதுவோம். பின்பு தாளையும் பையையும் எடுத்துக்கொண்டு, கிளினிக் நாளிலே அந்த முதியவரோடு கூடப் போய், "ஐயா, இவை எல்லாவற்றையும் ஒருமுறை சேர்த்துப் பார்ப்பீர்களா?" என்று கேட்போம். மருத்துவர் மாற்றியதைத் தாளிலே மாற்றி எழுதி, பழைய உறைகளைப் பையிலிருந்து அகற்றி, ஒரு மாதம் கழித்து மறுபடியும் போய்ப் பார்ப்போம். இவ்வளவுதான் தொண்டு. பணம் வேண்டாம், பட்டம் வேண்டாம், வாசிக்கத் தெரிந்த கண்ணும், அரை நாள் ஓய்வும், பொறுமையும் போதும்.

ஒன்றை மட்டும் ஆணையாகக் கொள்ளுங்கள். நாம் எழுதுபவர்கள், வெட்டுபவர்கள் அல்லர். எந்தக் குளிசையையும் நாமாக நிறுத்தவோ, பாதியாக்கவோ, மாற்றவோ கூடாது. இன்சுலின், வலிப்பு மருந்து, இருதயத் துடிப்பை மெதுவாக்கும் அட்டினலோல் போன்றவை, நெடுநாள் உட்கொண்ட பிரெட்னிசலோன், நெடுநாள் உட்கொண்ட தூக்க மருந்து இவற்றைச் சட்டென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். மாறாக, முதியவர் திடீரென்று தடுமாறினாலோ, விழுந்தாலோ, வியர்த்து நடுங்கினாலோ, மலம் கரியாகப் போனாலோ, சிறுநீர் வெளியேறாமல் நின்றாலோ, அடுத்த கிளினிக் நாள்வரை காத்திராமல் உடனே பையோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

பெரியோர்களே! தாய்மார்களே! உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். மருத்துவரிடம் எதையும் மறைக்க வேண்டாம். "வேறிடத்திலே வாங்கினேன் என்றால் ஏசுவார்" என்று அஞ்ச வேண்டாம். குளிசையை விழுங்காமல் விட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள்; இல்லாவிடில் மருந்து போதவில்லை என்று எண்ணி அளவைக் கூட்டிவிடுவார். பக்கத்துக் காம்பிராவிலே ஒருவருக்குக் கேட்டதென்று அவருடைய குளிசையை வாங்கி விழுங்க வேண்டாம். மருந்து குறைக்கப்பட்டால், "என்னைக் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள்" என்று மனம் வருந்தவும் வேண்டாம். ஐந்து நிமிடம் பேசி ஒரு மருந்தைக் குறைக்கிற மருத்துவர், பேசாமல் ஒரு மருந்தைக் கூட்டுகிறவரைவிட உங்களை அதிகம் கவனித்திருக்கிறார்.

திருவள்ளுவர் மருந்து என்று ஓர் அதிகாரமே வகுத்தார். அதைத் திறந்து பார்ப்பவர்க்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. அங்கே மருந்தின் பெயர் ஒன்றுமில்லை. பெரும்பாலும் உணவின் அளவையே பேசுகிறார். அதிகாரத்தை முடிக்கும்போது, மருத்துவம் என்பது நான்கு பகுதியது என்கிறார். நோயாளி, மருத்துவன், மருந்து என்னும் மூன்றோடு, நான்காவதாக அருகிருந்து துணை செய்பவனையும் சேர்க்கிறார். நமது தோட்டப்புறத்திலே நோயாளர் இருக்கிறார்கள், மருத்துவர் இருக்கிறார்கள், மருந்தும் வேண்டிய மட்டும், சில வேளை வேண்டாத மட்டும், இருக்கிறது. நான்காவது ஆசனமே வெறுமையாயிருக்கிறது. அந்த ஆசனம் வாலிபர்களாகிய நமக்கு உரியது.

இன்று வீட்டுக்குப் போனதும், விழாவிலே என்ன நடந்தது என்று பாட்டி கேட்பார். பதில் சொல்வதற்கு முன்பு, சுவரிலே தொங்கும் பையை இறக்கி அவர் அருகிலே உட்காருங்கள். நாம் பிந்திச் செய்த அந்த வேலையை நீங்கள் முந்திச் செய்யுங்கள்.